கணக்குப் பாடம்: கேபி, எம்பி, ஜிபி

8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் நம் பாட்டிமார் நெல் அளந்தார்கள். செல்போனுக்கும் அப்படி அளவு உண்டு.

8 பிட் = 1 பைட்
1024 பைட் = 1 கேபி
1024 கேபி = 1 எம்பி
1024 எம்பி = 1 ஜிபி

சின்ன அளவாக்க 1024-ஆல் பெருக்கணும். பெரிய அளவாக்க வகுக்கணும். நம்ம ஊர்ப் பெயர் 'நூம்பல்' நாலே எழுத்து. யூடிஎப்-8 முறையில் சேமித்தால் 21 பைட் பிடிக்கும்.

கடன் மனுவுக்குப் பாஸ்புக் படம் 200 கேபிக்குள் கேட்டால், 2 எம்பி படம் ஏறாது. 2 × 1024 = 2048 கேபி. பத்து மடங்குக்கு மேல்! மனு திரும்பி வரும், கடன் தள்ளிப்போகும். படத்தைச் சுருக்கி அனுப்புங்கள்.

32 ஜிபி மெமரி கார்டு கம்ப்யூட்டரில் சுமார் 29.8 என்றுதான் காட்டும். "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று சண்டைக்குப் போகாதீங்க. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 3,200 கோடி பைட் தருகிறார்கள். கம்ப்யூட்டர் அதை மூன்று தடவை 1024-ஆல் வகுக்கிறது. வித்தியாசம் அளவுப்படியில்தான், சரக்கில் இல்லை.

16 ஜிபி எத்தனை எம்பி? அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் போட்டுப் பார்ப்போம்!