அடிமூடி ஏன் சுடுகிறது?

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். என் கணவர் பல வருடம் சிகரெட் பிடித்தவர். அதை விட்டுவிட்டு இப்போது வேப் பிடிக்கிறார். கையில் இருப்பது இரண்டு 18650 பேட்டரி போடும் பாக்ஸ் மாட். அட்டையில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. அவர் 70 வாட்டில்தான் வைத்திருப்பார். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. இப்போது திரையில் பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டும்போதே ‘பேட்டரியைப் பார்’ என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு அடிமூடி கை வைக்க முடியாமல் சுடுகிறது. காயில் 0.18 ஓம் என்று காட்டும், திடீரென 0.25 என்று மாறும். கடைக்காரர் பேட்டரி பழசாகிவிட்டது, புதிது போடுங்கள் என்கிறார். இவரோ 230 வாட் பாக்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன் என்கிறார். எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது? டிசம்பரில் சென்னை போகிறோம், இதை எடுத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்த இரண்டு பேட்டரிகளையும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். அடிமூடி சுடும் பாக்ஸை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. பேட்டரி பழசாகியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் புதுப் பேட்டரி போட்டால் மட்டும் இது தீராது. சூடு எங்கே வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறும் அங்கேதான்.

இரண்டு பேட்டரி பாக்ஸ்களில் பெரும்பாலானவை பேட்டரிகளை வரிசையாக, அதாவது சீரிஸில், இணைப்பவை. ஒன்றின் நேர்முனையையும் மற்றொன்றின் எதிர்முனையையும் இணைப்பது எது தெரியுமா? கீழே கீல் வைத்துத் திறக்கும் மாடல்களில் அந்த அடிமூடியின் உட்புறத்தில் இருக்கும் சின்னத் தகடுதான். பாக்ஸில் ஓடும் மொத்த மின்சாரமும் அந்தத் தகட்டைக் கடந்துதான் போக வேண்டும். மூடியின் கீல் தளர்ந்தாலோ, கொக்கி தேய்ந்தாலோ, தகடு பேட்டரி மேல் அழுந்தாமல் தொட்டும் தொடாமலும் நிற்கும். பழைய டார்ச் லைட் மங்கினால் அடிமூடியைத் திருகி இறுக்குவோமே, அதே கதைதான். டார்ச்சில் ஓடுவது அரை ஆம்பியர். இங்கே ஓடுவது 12 ஆம்பியர். வித்தியாசம் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காயிலுக்கு 70 வாட் வேண்டுமென்றால், சர்க்யூட் போர்டில் வீணாவதையும் சேர்த்துப் பேட்டரிகள் ஏறக்குறைய 78 வாட் கொடுக்க வேண்டும். பாதி சார்ஜில் இரண்டு செல்லும் சேர்ந்து 7.4 வோல்ட். இழுக்கும்போது செல்களின் உள்தடையாலேயே முக்கால் வோல்ட் இறங்கி 6.7 வோல்ட்டில் நிற்கும்; அப்போது ஓடுவது 12 ஆம்பியர் அளவு. இதுவரை எல்லாம் சரி, பாக்ஸ் நிற்காது. இப்போது அந்த மூடித் தகட்டில் 50 மில்லி ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு, சாதாரண மல்டிமீட்டரில் சரியாக அளக்கவே முடியாத தடை. அது 0.6 வோல்ட்டை விழுங்கும். போர்டுக்கு வந்து சேருவது 6.1 வோல்ட். செல்லுக்கு 3.2 வோல்ட், இரண்டுக்கும் 6.4 என்று வரம்பு வைத்த போர்டாக இருந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி நின்றுவிடும். பாதி சார்ஜ் பத்திரமாக உள்ளேயே இருக்கும். விழுங்கிய அந்த 0.6 வோல்ட் 7 வாட் சூடாக மாறி மூடியில் இறங்கும். உங்கள் கணவர் கையைச் சுட்டது அந்த 7 வாட்தான்.

இதில் ஒரு விஷச் சுழற்சியும் உண்டு. சூடு ஏற ஏற, தகட்டை அழுத்தும் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். விறைப்பு போனால் அழுத்தம் குறையும், தடை கூடும், இன்னும் சூடு. அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, பிறகு ஒரே வாரத்தில் முற்றிவிடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பாக்ஸ் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேட்டரி முனை தொடும் இடத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். முலாம் போய்விட்டால் அடியிலிருக்கும் உலோகம் கறுத்துப் பழைய நிலைக்கே வந்துவிடும். துடைத்த பின் 30 வாட்டில் வைத்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி ஒரு முறை, பிடிக்காமல் ஒரு முறை இயக்கிப் பார்க்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் மூடி தளர்ந்திருக்கிறது. அப்படித் தளர்ந்த மூடியைக் காகிதம் மடித்து வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். அந்தப் பாக்ஸின் ஆயுள் முடிந்தது என்றுதான் அதற்குப் பொருள்.

அடுத்து, 0.18 ஓம் 0.25 ஆகும் விஷயம். காயிலும் வேப் திரவமும் இருக்கும் டேங்கைத் திருகும் இடத்துக்கு 510 என்று பெயர். ஜாய்டெக் நிறுவனத்தின் பழைய மாடல் ஒன்றின் எண் அப்படியே இணைப்புக்குப் பெயராக நின்றுவிட்டது. அதன் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் ஒரு பின் இருக்கும். டேங்கைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் அந்தப் பின்னை மெதுவாக அமுக்கிவிடச் சொல்லுங்கள். சட்டென்று முழுசாக மேலே எழ வேண்டும். சாய்ந்து எழுந்தாலோ, பாதியில் சிக்கினாலோ, அடியில் வேப் திரவம் இறங்கிப் பிசுபிசுத்திருக்கிறது. வேறொரு டேங்கை மாட்டியும் பாருங்கள். அதிலும் எண் ஆடினால் குற்றம் பாக்ஸின் பின்னில். ஆடாவிட்டால் பழைய டேங்கில் காயில் சரியாக உட்காரவில்லை.

0.07 ஓம்தானே என்று விட்டுவிடக் கூடாது. மொத்தம் 0.25 ஓமில் 0.07 இணைப்பில் இருந்தால், 70 வாட்டில் கிட்டத்தட்ட 20 வாட் காயிலுக்குப் போகாமல் அந்தச் சின்னப் பின்னிலேயே எரிகிறது. பின்னைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். நல்ல பாக்ஸில் அது 300 டிகிரி வெப்பத்தில்கூட உருகாத பீக் பிளாஸ்டிக். மலிவானதில் நைலான் அல்லது சிலிகான். அந்த வளையம் இளகினால் பின் சாயும். சாய்ந்து ஓரத்தைத் தொட்டால் ஷார்ட். நல்ல போர்டு ஷார்ட்டைக் கண்டுபிடித்து நின்றுவிடும். அந்தக் காவல் இருப்பதால்தான் போர்டுள்ள பாக்ஸை நான் ஏற்றுக்கொள்கிறேன். போர்டே இல்லாத ‘மெக்கானிக்கல்’ மாட்களில் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே வெறும் பட்டன்தான், தடுக்க ஆளில்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒருவர் வேப் வெடித்து இறந்தாரே, அவர் கையில் இருந்தது அந்த வகைதான். ‘பவர் நேராக வரும்’ என்று யாராவது ஆசை காட்டினால் உங்கள் கணவர் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி 230 வாட். அந்த எண்ணைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு செல்லும் தீரும் தறுவாயில், செல்லுக்கு 3.2 வோல்ட் இருக்கும்போது, 200 வாட் கொடுக்க வேண்டுமானாலே, போர்டில் வீணாவதையும் சேர்த்து 35 ஆம்பியர் ஓட வேண்டும். சாம்சங் 25ஆர் செல்லின் தொடர் வரம்பு 20 ஆம்பியர். சோனியாக இருந்து முராட்டாவாக மாறிய விடிசி6 செல்லுக்கு 15. 20 ஆம்பியர் செல் இரண்டு போட்டால் கடைசிவரை பயமில்லாமல் எடுக்கக்கூடியது 115 வாட். ஒரே செல் போடும் பாக்ஸில் 57 வாட். அதற்கு மேல் அட்டையில் என்ன அச்சடித்தாலும் அதைத் தர வேண்டியது பேட்டரி. பாக்ஸ் செய்தவருக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. உங்கள் கணவர் 70 வாட்டில் பிடிப்பவர். அவருக்கு 100 வாட் பாக்ஸே தாராளம்.

கடையில் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது காற்றுத் துவாரங்கள். என்னைக் கேட்டால், இது ஒன்று இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையே இல்லை. லித்தியம் செல் கெட்டுப்போகும்போது உள்ளிருந்து சூடான வாயு பீறிடும். மூடியிலோ பக்கத்திலோ துவாரம் இருந்தால் வெளியே போய்விடும். நாலு பக்கமும் அடைத்த உலோகப் பெட்டியாக இருந்தால் அது குண்டுதான். சில மாடல்களில் ஸ்டிக்கரும் அலங்காரத் தகடும் ஒட்டித் துவாரத்தை மறைத்திருப்பார்கள். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடுருவித் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறகு பேட்டரிகளைப் போட்டு மூடி, காதருகில் வைத்து ஆட்டச் சொல்லுங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். காந்தத்தில் ஒட்டும் பக்கவாட்டு மூடியென்றால், அதில் மின்சாரம் ஓடாத அமைப்பா என்று கேளுங்கள். மின்தொடுப்புகள் எல்லாம் உடம்பிலேயே இருந்து, மூடி வெறும் மூடியாக இருப்பது நல்லது. தொடுப்பு முலாம் பூசிய பித்தளையாக, அகலமாக இருக்கட்டும். மெல்லிய எஃகுச் சுருள் வேண்டாம். உடம்பு அலுமினியமா துத்தநாகக் கலவையா என்பதைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். கனத்திலும் அழகிலும் வித்தியாசம் உண்டு. ஆனால் 510 மரை மட்டும் தனி எஃகுத் துண்டாக வைத்துப் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். துத்தநாகத்திலேயே வெட்டிய மரை சீக்கிரம் தேய்ந்துபோகும்.

பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் காக்கும் வசதி, பட்டன் சிக்கிக்கொண்டாலும் 10 நொடியில் தானே நிற்கும் வசதி, இவை இரண்டும் அவசியம். அமெரிக்காவின் ஒஹாயோவில் எவோல்வ் நிறுவனம் செய்யும் டிஎன்ஏ போர்டுகளுக்கு நல்ல பெயர் உண்டு, விலையும் உண்டு. ஆனால் எவ்வளவு நல்ல போர்டும் தளர்ந்த மூடிக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 18650 செல்லின் மேல் குமிழ் மட்டும்தான் நேர்முனை. அதைச் சுற்றியுள்ள விளிம்பும் முழு உடம்பும் எதிர்முனை. நடுவே ஒரு மெல்லிய வளையமும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும்தான் காவல். பாக்ஸிலிருந்து நாடாவைப் பிடித்து இழுக்கும்போது அந்த உறை தோள்பட்டையில்தான் முதலில் கிழியும். நகத்தளவு கிழிந்திருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. வேப் கடைகளில் புது உறை போட்டுத் தருவார்கள், சில பென்னிதான். உதிரி செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 வேப் விபத்துகளைத் தொகுத்தபோது, பாதிக்கு மேல் கருவியோ செல்லோ பாக்கெட்டில் இருக்கும்போதோ, பிடித்துக்கொண்டிருக்கும்போதோ நடந்தவை. சார்ஜ் ஏறும்போது நடந்தவையும் உண்டு. ஆகவே யூஎஸ்பி துளையில் சொருகிவிட்டுத் தூங்கப் போவதை நிறுத்திவிட்டு, தனிச் சார்ஜரில், கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள்.

புது செல் வாங்கும்போது 3600 மில்லி ஆம்பியர்-ஹவருக்கு மேல் எழுதிய மலிவு செல்லைத் தொட வேண்டாம். 9900 என்றெல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். அது அப்பட்டமான பொய். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி ஜோடியாகவே வைத்து, ஜோடியாகவே சார்ஜ் செய்து, ஜோடியாகவே ஓய்வுகொடுக்க வேண்டும். பழசையும் புதுசையும் கலந்தால் பலவீனமானது முதலில் வற்றி, மற்றது அதை இழுத்துக் கெடுக்கும். தூக்கிப்போட வேண்டிய செல்களின் இரு முனையிலும் டேப் ஒட்டி, சூப்பர்மார்க்கெட் வாசலில் வைத்திருக்கும் பேட்டரிப் பெட்டியில் போடுங்கள். வீட்டுக் குப்பையில் வேண்டாம்.

சென்னைக்குக் கொண்டு போகவே கூடாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று விமான நிலையத்தில் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறீர்கள் என்றால் அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். பாக்ஸை வீட்டிலேயே விட்டு, செல்களைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு உண்மையில் கவலை அந்த விடுமுறை நாட்களைப் பற்றித்தான். ஊருக்குப் போய், பழைய நண்பர்கள், டீக்கடை, கையில் வேப் இல்லை என்றால் சிகரெட் பக்கம் கை போகும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் பகுதியில் புகைபிடிப்பதை விட உதவும் என்எச்எஸ் சேவையில் கேட்டு, நிகோடின் பேட்சோ சூயிங்கமோ வாங்கிப் பழகிக்கொள்ளட்டும். தீர்ந்துபோனால் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் சென்னை மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும்.