தேருக்கு வழி உண்டு, ஆளுக்கு வழி உண்டா?
(மதுரை வீதிகள் சொல்லும் பாடம்)



பாண்டியர் தலைநகரம் எது என்று கேட்டால் நாம் எல்லோரும் டக்கென்று 'மதுரை' என்று எழுதிவிடுவோம். ஒரு மார்க் நிச்சயம். ஆனால் அந்தத் தலைநகரத்தின் ஒரு வீதியை வயதான ஒருவர் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. போன தை மாதம் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்பத்தாவும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். காரைக்குடியில் ஏறி திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி வரை பஸ் சுகமாகப் போனது. அங்கிருந்து பெரியார் பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ். "உனக்குத்தான்டா டிக்கெட்டு, எனக்கு சும்மா" என்று அப்பத்தாவுக்கு ஒரே சந்தோஷம். (2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.) ஆனால் கோரிப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பஸ்ஸைச் சுற்றி டூவீலர், ஆட்டோ, கார்.

சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மாசி வீதியைக் கடக்க நின்றோம். வண்டிகள் நிற்கவே இல்லை. கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் இறங்கினோம். ஒரு டூவீலர் அப்பத்தாவை உரசிப் போட்டுவிட்டது. கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஓட்டி வந்தவன் பள்ளிச் சீருடையில் இருந்தான். என் வயதுதான் இருக்கும். லைசென்ஸ் இல்லை. "அப்பாகிட்ட சொல்லிராதீங்க அண்ணே" என்று அழுதான்.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "தேருக்கு வழி விடத் தெரியுது. ஆளுக்கு வழி விடத் தெரியலையேப்பா."

அந்தப் பேச்சு மனசில் தைத்துவிட்டது. மதுரை வீதிகளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1. வீதிகளின் கதை

மதுரையில் கோயில்தான் நடு. அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பெரும்பாலும் மாதங்களின் பெயர்கள்தான். எந்த மாதத்துத் திருவிழா எந்த வீதியில் என்பதை வைத்து வந்த பெயர்கள் இவை. இன்றைக்குச் சித்திரைத் தேரோட்டம் மாசி வீதிகளில்தான் நடக்கிறது.

வெளி வீதி பிறந்த கதை தனி. நாயக்கர் காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியை மூடினார். அந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையோடு சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் நிற்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது: இந்த வீதிகள் தேருக்கும் நடப்பவர்களுக்கும் அமைந்தவை. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து வந்தாலும் மாசி வீதி தாங்குகிறது. ஆகவே வீதி மனிதருக்குக் குறுகலாக இல்லை. வண்டிக்குத்தான் குறுகலாக இருக்கிறது!

2. பஸ்ஸின் கதை

மதுரைக்கும் பஸ்ஸுக்கும் நூறு வருடத்துக்கு மேல் பழக்கம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களில் பஸ் விட ஆரம்பித்தார். 1972-ல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் மதுரையில் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்ததுதான் நம்ம காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தலைவர்கள் பெயர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் வைத்தார்கள்.

ஊருக்குள் நெரிசல் கூடியதால் வெளியூர் பஸ்களுக்கு மாட்டுத்தாவணியில் பெரிய நிலையம் கட்டி 1999-ல் திறந்தார்கள். (தாவணி என்றால் சந்தை. மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதால் அந்தப் பெயர்.) வெளியூர் பஸ் வெளியே போனது சரி. ஆனால் அது விட்ட இடத்தைச் சொந்த வண்டிகள் வந்து நிரப்பிவிட்டன.

மெட்ரோ ரயிலும் பேசப்பட்டது. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் தயாரித்து அனுப்பினார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தராமல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும் டவுன் பஸ் இல்லாமல் மதுரை நகராது.

3. ஒரு சின்னக் கணக்கு

50 பேர் ஒரு வீதி வழியாகப் போக வேண்டும். எவ்வளவு இடம் வேண்டும்? (அளவுகள் சுமாரானவை.)

• ஒரு பஸ்: நீளம் 12 மீட்டர், அகலம் 2.5 மீட்டர். 12 × 2.5 = 30 சதுர மீட்டர். 50 பேரும் ஒரே வண்டியில்.
• டூவீலர், ஆளுக்கு ஒன்று: ஒன்றுக்கு 1.5 சதுர மீட்டர். 50 × 1.5 = 75 சதுர மீட்டர்.
• கார், இரண்டு பேருக்கு ஒன்று: ஒன்றுக்கு 7 சதுர மீட்டர். 25 × 7 = 175 சதுர மீட்டர்.

இது நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடும்போது முன்னும் பின்னும் இடைவெளி வேண்டும். அப்போது 25 காருக்கு 25 இடைவெளி, பஸ்ஸுக்கு ஒன்றே ஒன்று!

எரிபொருளையும் பார்ப்போம். பஸ் ஒரு லிட்டருக்கு 5 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொண்டால், 50 பேர் × 5 = 250. டூவீலர் 50 கி.மீ. கொடுத்தாலும் ஒரே ஆள், ஆகவே 50. கார் 15 கி.மீ., இரண்டு பேர், ஆகவே 30. "பஸ்தான் புகை விடுது" என்று சொல்கிறோமே, ஆள் கணக்குப் போட்டால் யார் அதிகமாகப் புகை விடுகிறோம்?

4. மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

லண்டனில் 2003 முதல் நகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டி வந்தால் கட்டணம். தென்கொரியாவின் தலைநகரம் சியோலில் 2004-ல் சாலை நடுவில் பஸ்ஸுக்கென்று தனி வழி போட்டார்கள். அங்கே ஓர் ஓடையை மூடிக் கட்டியிருந்த மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, 2005-ல் அந்த ஓடையை மக்கள் நடக்கும் இடமாகத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன்? மதுரையிலேயே சித்திரை வீதிகளில் கல் பாவி, வண்டிகளை விடாமல், நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே அப்பத்தா என் கையைப் பிடிக்காமலே நடந்தார்கள்.

5. நம்ம ஊருக்கு வருவோம்

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நேர் நேராக வீதி போட்ட ஊர் நம்முடையது. ஆனால் சாயங்காலம் செக்காலை ரோட்டைக் கடந்து பாருங்கள், மதுரை தூரத்தில் இல்லை என்று தெரியும்.

நம்மில் சிலர் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுகிறோம். கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அன்றைக்கு அந்தப் பையன் ஏன் அப்படி அழுதான் என்று இப்போது புரிகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது முடித்ததிலிருந்து "வண்டி வாங்கிக் குடுங்கப்பா" என்று வீட்டில் நச்சரித்தவன் நான். சட்டைப்பையில் அரசு கொடுத்த இலவச பஸ் பாஸ் சும்மா கிடந்தது. அப்பத்தாவின் மாவுக்கட்டைப் பிரித்த அன்று அப்பாவிடம், "இப்போதைக்கு வண்டி வேண்டாம்ப்பா" என்று சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாதான் சிரித்தார்கள்.

செய்து பார்ப்போம்!

1. காலையில் நம் பள்ளி வாசலில் 10 நிமிடம் நின்று எண்ணுங்கள்: எத்தனை வண்டி, எத்தனை ஆள்?
2. உங்கள் வீதியில் ஒரு பெரியவர் கடக்க எத்தனை வினாடி காத்திருக்கிறார்?
3. அவருக்காக யார் முதலில் வண்டியை நிறுத்துகிறார்?

விடைகளை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். அட்டவணை போட்டு அடுத்த இதழில் இதே பலகையில் ஒட்டுவோம்.

வண்டியை எண்ணாதே, ஆளை எண்ணு!



— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்