பாதையற்ற நிலத்தில் ஊர்திகளும் இயற்கைக் காப்பும்

முன்னுரை

கார்காலத்தில் இல்லம் திரும்பும் முல்லைத் தலைவன், மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலைந்துவிடும் என்று கருதித் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரைச் செலுத்தியதாக அகநானூறு காட்டுகின்றது. ஊர்தியைச் செலுத்துவோன் வழியில் வாழும் உயிர்களுக்கும் பொறுப்புடையவன் என்னும் எண்ணம் தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. இதே எண்ணம் அமெரிக்க நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டத்திலும் வழக்கிலும் ஆராயப்பட்டு வருகின்றது. சாலையை விட்டு விலகி, மலையிலும் பாலையிலும் ஜீப், மோட்டார் சைக்கிள் முதலியவற்றை ஓட்டி மகிழ்வோர் ஒருபுறம். அந்நிலங்களைக் காக்க முனைவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் பகைவர்தாமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்களத்திலிருந்து பொழுதுபோக்கிற்கு

இரண்டாம் உலகப் போருக்கென உருவாக்கப்பட்ட ஜீப், 1945-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதால், பாறையும் மணலும் அதற்குத் தடையாகவில்லை. 1953-இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள ரூபிகான் என்னும் கரடுமுரடான பாதையில் ஜீப் பயணத் திருவிழா தொடங்கியது. 1967-இல் யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரிலும் அத்தகைய விழா தோன்றியது. 1972-ஆம் ஆண்டளவில் இவ்வகைப் பொழுதுபோக்கு ஊர்திகள் ஏறத்தாழ 50 இலட்சம் இருந்தன என அமெரிக்க அரசு மதிப்பிட்டது.

நிலத்திற்கு நேரும் ஊறு

பாலை நிலம் வெறும் மணற்பரப்பு என எண்ணுவது பிழை. மோவாப் பகுதியில் மண்ணின் மேல் கருமை படர்ந்த மெல்லிய ஏடு ஒன்று காணப்படும். நுண்ணுயிர்களும் பாசிகளும் கற்பாசிகளும் சேர்ந்து அமைந்த உயிருள்ள ஏடு அது. காற்றும் மழையும் மண்ணை அரித்துச் செல்லாமல் அது பிணித்து நிறுத்துகின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்துச் செடிகளுக்கு உரமாக்குகின்றது. ஒரு சக்கரம் ஒருமுறை ஏறினாலே நொறுங்கிவிடும் அவ்வேடு, முழுமையாக மீளப் பல பத்தாண்டுகளும் ஆகலாம். மொகாவி பாலையில் 1942-இல் தளபதி பேட்டன் நிறுவிய பயிற்சிக் களத்தில் ஓடிய பீரங்கி வண்டிகளின் தடங்கள் இன்றும் அழியாமல் கிடப்பது இதற்குத் தக்க சான்றாகும். அப்பாலையில் வளை தோண்டி வாழும் ஆமை, ஊர்திகளால் நசுங்கியும் வளை இழந்தும் துன்புறுகின்றது. நோய் முதலிய வேறு காரணங்களும் சேர்ந்து அதன் தொகையைக் குறைத்தமையால், 1990-இல் அது அழிவு அச்சத்திற்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சட்டமும் எதிர்வாதமும்

1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பொது நிலங்களில் ஊர்திகள் எங்கு ஓடலாம், எங்கு ஓடலாகாது எனத் துறைகள் வகுக்க வேண்டும். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் விலங்குகளுக்கும் ஊறு குறையுமாறு அவ்விடங்கள் தெரிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பெருந்தீங்கு விளையும் இடத்தை உடனே மூட வேண்டும் என்னும் விதியை 1977-இல் கார்ட்டர் சேர்த்தார்.

ஆர்வலர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. பொது நிலம் அனைவருக்கும் உரியது. நெடுந்தொலைவு நடக்க இயலாத முதியோரும் உடற்குறை உடையோரும் மலைமுகட்டைக் காண ஊர்தியே துணை என்று அவர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஒருவர் விரும்பும் எஞ்சின் ஒலி, அமைதி நாடி வந்த மற்றொருவரின் உரிமையைக் குலைப்பதும் உண்மையே. இந்நிலையில் 1985-இல் அமெரிக்க வனத்துறை, ‘மெல்ல மிதி’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அறிவுறுத்தல் இயக்கத்தைத் தொடங்கியது. வகுத்த தடத்தை விட்டு விலகாமை, ஓடைகளைக் குறித்த இடத்திலேயே கடத்தல், குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவை அதன் அடிப்படைப் பாடங்கள்.

ரூபிகான் தரும் பாடம்

ஆர்வலர் தாமே காவலராக மாறியதற்கு ரூபிகான் பாதை நல்ல எடுத்துக்காட்டு. மிகுதியான கூட்டத்தால் மனிதக் கழிவு பெருகவே, அப்பாதையை ஒட்டிய ஸ்பைடர் ஏரிப் பகுதி 2004-இல் மூடப்பட்டது. 2009-இல் நீர்த்தர வாரியம், ஓடைகளில் கலக்கும் மண், எண்ணெய்க் கசிவு, கழிவு ஆகியவற்றைத் தடுக்குமாறு மாவட்ட நிர்வாகத்திற்கும் வனத்துறைக்கும் ஆணையிட்டது. பாதையையே இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் ஆர்வலரிடையே எழுந்தது. ஓட்டுநர் சங்கத்தினர் தொண்டர்களாய்த் திரண்டனர். மழைநீர் மண்ணை அரிக்காதவாறு வடிகால் அமைத்தனர். கழிவையும் எண்ணெயையும் அகற்றும் பொருள்களை உடன்கொண்டு செல்லுமாறு பயணிகளுக்கு அறிவுறுத்தினர். அப்பாதை மூடப்படாமல் நிலைத்தது.

முடிவுரை

நிலத்தின் மீதுள்ள காதலே இரு சாராரையும் அங்கு அழைத்து வருகின்றது. ஆனால் காதல் மட்டும் காப்பாகாது. தன் விருப்பத்திற்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளும் அடக்கமும் வேண்டும். தடம் விலகிய சிலரது செயல், தடம் பேணும் பலருக்கும் வழியை அடைத்துவிடும். அதுபோன்றே, நிலத்தைக் காக்க விழைவோர் அதனை நாடி வருவோரை முற்றிலும் விலக்கினால், அந்நிலத்திற்காகக் குரல் கொடுக்கக்கூடிய துணைவரை இழப்பர். ஊர்தியை எங்கும் செலுத்தும் ஆற்றலை அறிவியல் நமக்கு வழங்கியுள்ளது; எங்கு நிறுத்த வேண்டும் என்னும் தெளிவை நாமே பெறுதல் வேண்டும்.