ருக்மிணி தேவியின் நாட்டிய நாடகங்கள்: மீண்டும் மேடையேற வேண்டியவை

எம்பெருமானுடைய திருக்கதைகளைச் செவியால் அனுபவிப்பதோடு கண்ணாலும் அனுபவிக்கும்படி செய்தவர்களுள் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் முக்கியமானவர். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அவ்வம்மையார், 1986-இல் மறையும் வரை இருபதுக்கும் மேற்பட்ட நாட்டிய நாடகங்களை உருவாக்கினார். அவற்றுள் ரஸிகர்கள் நன்கறிந்தது ராமாயணத் தொடரே. 1955-இல் 'சீதா ஸ்வயம்வரம்' என்று தொடங்கி, 1970-இல் 'மஹா பட்டாபிஷேகம்' வரை ஆறு பகுதிகளாக அது அமைந்தது. வால்மீகியின் சுலோகங்களுக்கு மைசூர் வாசுதேவாசாரியார் இசையமைக்கத் தொடங்கினார். 1961-இல் அவர் மறைந்த பின் அப்பணியைப் பேரனார் எஸ். ராஜாராம் நிறைவேற்றினார். இத்தொடரின் பெருமை குறைவற்றது. ஆயினும் அதன் ஒளியிலே வேறு சில நாடகங்கள் பின்தங்கி நிற்கின்றன. அவை எப்போதாவதுதான் காணக் கிடைக்கின்றன.

அவற்றுள் முதலில் நினைக்கத் தக்கது 'ஆண்டாள் சரித்திரம்'. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியினடியில் கிடைத்த குழவி, சூடிக் கொடுத்த நாச்சியாராக வளர்ந்து, திருவரங்கத்திலே அரங்கனுடன் கலந்த வரலாற்றைத் தமிழ் அன்பர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ராமாயண நாடகத்தைக் காண்போர் பலருக்கு வடமொழிச் சுலோகத்தின் பொருளை அபிநயத்தின் வழியே அறிய வேண்டியிருக்கிறது. இங்கோ கதையும் பாசுரமும் மார்கழி தோறும் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஊறியவை. ஆதலால் அபிநயம் பொருளைச் சொல்லும் சுமை நீங்கி, பாவத்திலேயே முழுதும் நிற்கலாம். இத்தகைய வாய்ப்பு வேறெந்த நாடகத்துக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

அடுத்தது 'உஷா பரிணயம்'. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கிலே இயற்றிய பாகவத மேள நாடகம் இது. கனவிலே கண்ட அநிருத்தனை உஷை நாடுவதும், தோழி சித்ரலேகை பலருடைய உருவங்களையும் எழுதிக் காட்டி அவனை அடையாளம் காணச் செய்வதும், பாணாசுரனுடைய கரங்களைக் கண்ணபிரான் அறுத்தும் உயிரைத் தந்தருளியதும் ஸ்ரீ பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்திலுள்ளவை. மெலட்டூரிலே பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்குவது மரபு. அந்நாடகத்தைக் கலாக்ஷேத்திர மேடைக்குக் கொணர்ந்தபோது பெண்களும் அதில் இடம்பெற்றனர். மெலட்டூரின் மரபு நரஸிம்ம ஜயந்தி உற்சவத்தால் காக்கப்படுகிறது. இவ்வடிவத்துக்கு அப்படியொரு உற்சவத்தின் துணையில்லை.

'கூர்மாவதாரம்' பாற்கடல் கடைந்த கதை. தேவரும் அசுரரும் இருபுறமும் நின்று வாசுகியை இழுக்கும் காட்சி கூட்ட நாட்டியத்துக்கென்றே அமைந்தது போன்றது. ஆனால் நன்கு பயின்ற நர்த்தகர் பலர் வேண்டும். சிறு குழுக்கள் மேற்கொள்ள இயலாது.

நாட்டிய நாடகம் ஏட்டிலே முழுதும் அடங்குவதன்று. பாட்டையும் ஸ்வரத்தையும் எழுதி வைக்கலாம். ஒரு பாத்திரம் எவ்விடத்தில் எவ்வளவு நேரம் அசையாது நிற்க வேண்டும் என்பது ஆடியவர் உடலில்தான் இருக்கிறது. அம்மையாரிடம் நேரே பயின்றவர்கள் இன்று முதியோர்; பலர் காலஞ்சென்றுவிட்டனர். எஞ்சியிருப்போரை முன்னே அமர்த்தி, ஒலிநாடாவை நம்பாமல் பாடகரும் நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் உடனிருக்க, மாதக்கணக்கில் ஒத்திகை நடத்த வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும், இடமும் வேண்டும். திருவாடிப்பூர உற்சவம் நடைபெறும் திருக்கோயில்களிலே அதற்கேற்ற மண்டபங்கள் இல்லாமற் போகவில்லை.