பாட்டிக்குப் பாட்டி யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"நதி மூலம், ரிஷி மூலம் பார்க்கக் கூடாது" என்பது பழமொழி. ஆனால் நம் மதுரையின் வழியே ஓடும் வைகை எங்கே பிறக்கிறது என்று கேட்டால், "வருசநாட்டு மலையில்" என்று ஐந்தாம் வகுப்பு மாணவியும் சொல்லிவிடுவாள். நதியின் மூலம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் குடும்பத்தின் மூலம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அன்புத் தோழியரே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேல் பெற்றோர் இருவர். அவர்களுக்கு மேல் தாத்தா, பாட்டி என நால்வர். இதுவரை கை தயங்காது. அதற்கு மேலுள்ள தலைமுறையில் எண்மர் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரை எழுத முடியும்? அதற்கும் மேலுள்ள பதினாறு பேரில் ஒருவர் பெயரையாவது அறிந்தவர் நம் வகுப்பில் சிலரே இருப்பர். கணக்குப்படி பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கத்தால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் நிற்கக்கூடும். எப்படி இருந்தாலும் அத்தனை பேர் வாழ்ந்ததனால்தான் நாம் இன்று இப்பள்ளியில் அமர்ந்திருக்கிறோம். அவர்கள் எங்கே மறைந்தார்கள்? அந்த மறைவுக்கான காரணங்களைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரே ஒரு புதிர்

மேல்நாட்டினர் பலருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது தந்தையிடமிருந்து பிள்ளைக்குத் தொடர்ந்து வரும். நமக்கோ தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. சூசையின் மகன் சவரிமுத்து "சூ. சவரிமுத்து" ஆவார். அவருடைய மகன் "ச. சூசை" ஆவார்.

மீண்டும் சூசை எப்படி வந்தார் என்று கேட்கிறீர்களா? பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தான் "பெயரன்" என்றார்கள். அதுவே பேச்சில் "பேரன்" ஆயிற்று. இந்த அழகான வழக்கம் ஆராய்ச்சி செய்பவருக்குப் பெரிய தொல்லை. பழைய பத்திரம் ஒன்றில் "சூசை" என்று கண்டால், அவர் பாட்டனா, பேரனா, அல்லது அதே பெயருடைய பெரியப்பா மகனா என்று ஆண்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. பழைய கோயில் பதிவேடுகள் பலவற்றை லத்தீன் மொழியில் எழுதினார்கள். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் "பேத்ருஸ்" ஆகிவிடுவார். சின்னப்பன் "பவுலுஸ்" ஆவார். அருளப்பன் "யோவான்னஸ்" ஆவார். சூசை "யோசேப்பூஸ்" ஆவார். இது தெரியாதவர் ஏட்டைப் புரட்டினால் தம் பூட்டனார் கண்முன்னே இருந்தும் காணாமல் போய்விடுவார்.

எழுதி வைத்த ஏடுகள்

ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குதோறும் பதிவு செய்ய வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. அதனால் இன்றும் உலகெங்கும் பழைய குடும்பங்களைத் தேடுவோர் முதலில் கோயில் பதிவேட்டையே நாடுகிறார்கள். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், நாள் ஆகியவை அதில் இருக்கும். நிலப் பத்திரங்களிலும் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் காணப்படும். கல்லறைக் கற்களும் பேசும். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைக்குச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது, கல்லில் உள்ள ஆண்டுகளையும் குறித்துக்கொண்டால் பிற்காலத்தில் உதவும்.

அரசாங்கப் பதிவேடுகளோ பழங்காலத்துக்கு அவ்வளவாகத் துணைசெய்வதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது 1969-இல்தான். அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பலருக்குப் "பெரிய வெள்ளம் வந்த வருஷம்", "பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்" என்பதே பிறந்த தேதி. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவந்த மக்கள்தொகைக் கணக்கு ஓர் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்லும். யார் யார் இருந்தார்கள் என்று சொல்லாது.

கடல் கடந்தவர்கள்

இனி ஒரு வியப்பான செய்தி. தொலைதூரம் சென்றவர்களைக் கண்டுபிடிப்பது சில வேளைகளில் எளிது. பக்கத்தில் சென்றவர்களைக் கண்டுபிடிப்பதே கடினம்.

1860 அக்டோபர் 12-ஆம் நாள் "ட்ரூரோ" என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற 342 பேர் அதில் இருந்தனர். அன்று முதல் 1911 வரை அப்படி நேட்டாலுக்குச் சென்றவர் ஒரு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு, மச்சம் வரை எழுதிவைத்தார்கள். மனிதரைச் சரக்குப் போல எண்ணியதால் எழுதிய ஏடுதான் அது. ஆனாலும் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் தங்கள் ஊரைத் தேடி இங்கே வருவதற்கு அதுவே வழிகாட்டுகிறது.

அந்த ஏட்டிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ல, ள, ழ என்னும் மூன்றும் ஒன்றாயின. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் "கோவெண்டர்" ஆனார். முதலி "மூட்லி" ஆனார். கிராமத்தின் பெயர் புதுப்பட்டி என்றிருந்தால் எந்தப் புதுப்பட்டி என்று சொல்வது? நம் பக்கத்திலேயே எத்தனை புதுப்பட்டிகள்! தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். அவர் 1898-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் நம் வயதிலேயே உயிர் துறந்தவர். கடலுக்கு அப்பால் பிறந்த அவருக்கும் முன்னோர் ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அந்த ஊர் எது என்று நமக்குத் தெரிகிறது.

இலங்கைக்குச் சென்றவர் கதை வேறு. காப்பித் தோட்டக் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழைகள் கங்காணியின் பின்னால் நடந்தே கடற்கரை சேர்ந்தார்கள். தோணியேறி மன்னார் சென்று, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை, கண்டி மலைகளுக்கு ஏறினார்கள். வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, ஏடும் இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் இரயிலும் கப்பலுமாகப் பயணம் எளிதாயிற்று. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். ஆனால் தோட்டத்தில் அவர்கள் பெயர் கங்காணியின் கணக்கிலும் செக்ரோலிலும் மட்டுமே இருந்தது. நேட்டால் சென்றவருக்குக் கிடைத்த விரிவான ஏடு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுப் புதிர்

எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. என் பாட்டியின் பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தாராம். திருமணமான சில ஆண்டுகளில் கணவரோடு கண்டிச் சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு கடிதம் வந்ததாகவும் அதை யாரோ வாசித்துக் காட்டியதாகவும் சொல்வார்கள். அவர் விட்டுச்சென்ற பித்தளைச் செம்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் "சூ. ம." என்று வெட்டியிருக்கிறது. "சூ." என்பது சூசை, அது அவர் தந்தை என்று பாட்டிக்குத் தெரியும். "ம." மரியாளா, மதலேனாளா, மார்த்தாளா? பங்குத் தந்தையின் அனுமதியோடு என் தாயார் பழைய பதிவேட்டைப் பார்த்தார்கள். ஏறத்தாழ அந்த ஆண்டுகளில் "யோசேப்பூஸின் மகள் மரியா" என்று மூன்று குழந்தைகள் இருக்கின்றன. மூவருக்கும் தாயார் பெயர் வேறு வேறு. தாயின் பெயர் தெரிந்தால் புதிர் அந்த நிமிடமே தீர்ந்துவிடும். சூசையின் மனைவி பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தந்தை பெயரை எழுத்தாகச் சுமந்தோம். தாயின் பெயரைச் சுமக்க ஓர் எழுத்தும் இல்லை.

சான்று இல்லாதவருக்கு நாடு இல்லை

"இறந்தவர் பெயர் தெரிந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். மலைநாட்டுத் தமிழரின் வரலாறு அதற்கு விடை தரும். 1948-இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அதற்கு முன் அங்கே பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர்.

1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபோது அவர்கள் தொகை 9,75,000 என்று கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பார்த்தே இராத ஊரை "சொந்த ஊர்" என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டியவர்கள் பலர். மீதமிருந்த நாடற்றோரின் குறையைத் தீர்க்க 2003-இல்தான் இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு பூட்டனாரின் பிறப்பை நிரூபிக்க முடியாததால் பேரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அல்லல்பட்டார்கள் என்றால், பெயரும் தேதியும் சிறிய காரியம் ஆகுமா?

இரத்தம் சொல்லும் செய்தி

ஏடு பேசாத இடத்தில் விஞ்ஞானம் பேசுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் நம் வட்டார மக்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூர் இளைஞர் ஒருவரிடம் "எம் 130" என்னும் மரபணு அடையாளத்தைக் கண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நடந்து இந்தியா வழியே ஆஸ்திரேலியா சென்ற ஆதிமனிதரின் சுவடு இது என்று ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் அறிஞர் 2002-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வழி தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய பூட்டியின் பெயர் தெரியவில்லை!

அந்த அடையாளம் இருப்பது ஒய் குரோமோசோமில். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். தாய்வழியைக் காட்டுவது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு. அது தாயிடமிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் வந்து, மகள்கள் வழியாகத் தொடரும். ஆயினும் மரபணு வழியைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயரை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அன்னையரை எழுதுவோம்

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச வரிசையோடு தொடங்குகிறார். ஆண்களின் பெயர்களுக்கு நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, இறுதியில் நம் அன்னை மரியா என்று ஐந்து பெண்களையும் சேர்த்திருக்கிறார். சூசையப்பரின் தந்தை யாக்கோபு என்கிறார் மத்தேயு. ஏலி என்கிறார் லூக்கா. மறைநூல் அறிஞர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தந்துள்ளனர். திருமறையிலேயே இப்படி ஓர் ஆராய்ச்சி இருக்கும்போது, நம் வீட்டுத் தாளில் வெற்றிடம் இருப்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அதைக் கற்பனையால் நிரப்பி "நாங்கள் அரச வம்சம்" என்று பெருமை பேசுவதுதான் தவறு. தெரியாத இடத்தில் கேள்விக்குறி இடுவதே நேர்மை.

தோழியரே, நாம் செய்யக் கூடியவை இவை:

1. வீட்டில் மூத்தவர் சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறியுங்கள்.

2. தாயின் பெயர், தாயின் தாய் பெயர், அவர்கள் பிறந்த ஊர் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். ஏடுகளில் மறைந்துபோனவர்கள் பெரும்பாலும் அவர்களே.

3. ஊர்ப் பெயரோடு தாலுகாவையும் பங்கையும் எழுதுங்கள்.

4. பழைய புகைப்படங்களின் பின்புறம் இருப்பவர் பெயரைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்.

5. சீர்ப் பாத்திரங்களைப் பழைய பித்தளைக்குப் போடுமுன் அவற்றில் வெட்டியுள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, எங்கள் கேள்விகளைத் தொந்தரவாக எண்ணாமல் விடை சொல்லுங்கள். ஏடு எழுதாத காலத்தில் முதியோரின் நினைவே ஏடு. நம் பாட்டிமார் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, "உங்கள் அம்மா பெயர் என்ன? அவர்களுடைய அம்மா பெயர் என்ன?" என்று கேட்போம். கிடைக்கும் ஒவ்வொரு பெயரும் இனிமேல் தேடி வருபவருக்கு ஒரு படிக்கட்டாக அமையும்.