நாற்புறச் சாய்வுக் கூரை: கூடிக் கட்டுவோர்க்குச் சில குறிப்புகள்

ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் மண்சுவரைக் காப்பது கூரையே. இருபுறம் மட்டும் சாயும் கூரையில் மற்ற இருபுறச் சுவர்கள் காற்றுக்கும் சாரலுக்கும் இரையாகும். நாற்புறமும் சாயும் கூரை அக்குறையைப் போக்கும். ஆயின் அதன் வேலை கடினமானது.

ஓர் ஊரில் நண்பர் அறுவர் கூடி இத்தகைய கூரையை எழுப்பினர். ஊக்கத்திற்குக் குறைவில்லை, கணக்கிலேதான் குறை நேர்ந்தது. கைமரங்கள் அனைத்தையும் ஒரே நீளத்தில் தறித்துவிட்டனர். மூலைக்குரிய நான்கும் முகட்டை எட்டவில்லை. நீண்ட மரம் தேடிய நாட்களில் மழை பெய்து, ஒரு சுவரின் தலைப்பகுதி கரைந்து போயிற்று.

அக்கணக்கை இங்கே காண்போம். வீட்டின் அகலம் 12 அடி, நீளம் 18 அடி எனக் கொள்வோம். புல் வேய்ந்த கூரைக்கு நீர் விரைந்து வடிய 45 பாகைச் சாய்வு நன்று. அகலத்தில் பாதி 6 அடி. ஆகவே முகட்டின் உயரமும் சுவர்மேல் 6 அடி. நீளத்தில் அகலத்தைக் கழித்தால் முகட்டுவளை 6 அடி. இறவாரம் 2 அடி நீளுமாயின், சாதாரணக் கைமரம் 11 அடி 4 அங்குலம். மூலைக் கைமரம் 13 அடி 10 அங்குலம். இரண்டடிக்கு ஒன்றாக வைத்தால், மூலையை நோக்கிச் செல்லும் குட்டைக் கைமரங்கள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட 2 அடி 10 அங்குலம் குறையும்.

மரம் தறிக்குமுன் சுவர்த்தலையில் குறுக்கு மூலைகளைக் கயிற்றால் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 21 அடி 7½ அங்குலமாக ஒத்திருப்பது அவசியம். ஒவ்வாவிடில் மேற்கூறிய கணக்குகள் யாவும் பிழைபடும்.

முதலில் முகட்டுவளையைத் தாங்கிகளின்மேல் நிறுத்துக. அடுத்து, பருமன் மிகுந்த நான்கு மூலைக் கைமரங்கள். பின்னரே சாதாரணக் கைமரங்களும், குட்டைக் கைமரங்களும், வரிச்சுகளும். மூங்கிலாயின் மூன்றாண்டுக்கு மேல் முற்றியதைத் தேர்ந்து, சில வாரங்கள் ஓடுநீரில் ஊறவைத்து உலர்த்தினால் உளுத்துப் போவது குறையும். காப்புக்காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது.

அளவுகோல் ஒருவரிடமே இருத்தல் நலம். மரம் தூக்குகையில் குரல் கொடுப்பவரும் ஒருவரே ஆகட்டும்.

அரசு உதவியுடன் கட்டுவோர் ஒன்றைக் கருத வேண்டும். 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம், 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட்டுக் கூரையை விதித்தது. எஞ்சிய பகுதிக்கும் தீப்பற்றும் கூரையை ஏற்கவில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தம் ஊரில் கூரை எழுப்பும் நாளுக்கு முன்பே மண்ணில் கோடிட்டுக் காட்டுவார்களாக. பலருடைய கைகள் கூடினால் கூரை எழும். அளவும் கூடினால்தான் அது நிலைக்கும்.