பழைய ஜீப்புக்கு டீசல் என்ஜின்

அடையாறுக்குக் காய்கறி ஏற்றி வரும் பழைய பெட்ரோல் ஜீப்பை டீசலுக்கு மாற்ற நினைக்கும் விவசாயிகள் என்ஜின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. மஹிந்திரா ஜீப்புகளில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 (நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம்) நல்ல என்ஜின்தான். பழைய கியர்பாக்ஸ் அதனோடு சேருமா என்பதே கேள்வி.

துளைகள் ஒத்து வராவிட்டால் இடையில் அடாப்டர் பிளேட் கடைந்து வைப்பார்கள். என்ஜினுக்கே உரிய பெல் ஹவுசிங் கிடைத்தால் அதுவே மேல். பிளேட் வைத்தால் கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜைப் பொருத்திக் கையால் சுற்றிப் பார்க்கவும். முள்ளின் மொத்த அசைவு 0.25 மி.மீ.க்குள் இருப்பது அவசியம். மீறினால் பேரிங் தேயும், கியர் தானே கழலும். பிளேட்டின் கனத்தால் கியர்பாக்ஸ் பின்னே தள்ளிப்போகும். ஷாஃப்ட் நுனி பைலட் புஷ்ஷுக்குள் எட்டுகிறதா என்று அளக்க வேண்டும். கிளட்ச் தட்டின் பற்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். கியர்பாக்ஸ் கைத்தள்ளலில் முழுதும் சேராவிட்டால் போல்ட்டை முடுக்கி இழுக்கவே கூடாது. கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைப் பற்றியது. மாற்றிய என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு.